உருண்டைக் கொட்டகைக்கு ஒரே வாசல்

டேப்பைச் சுருட்டுங்கள் அம்மா, அளந்தது போதும். குறுக்கே நாற்பதடி. நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இதைக் கட்டும்போது சல்லி சுமந்தவர் என் தகப்பனார். வாசல் ஒன்று. சன்னல் கிடையாது. பின்வழி கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காத்தமுத்து சொல்லவில்லை என்று பிற்பாடு யாரும் சொல்லக் கூடாது.

நாற்காலி வேண்டாம். அரசாங்கம் போட்ட நாற்காலியில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. எண்பத்திரண்டு வயதில் புதிதாக என்ன பழக்கம்? நின்றே பேசுகிறேன். மேடையில் நின்று பழகிய கால்கள்தான் இவை.

உங்கள் ஃபைலில் நான் முதல் மனுதாரர். ஓடைநேந்தல் நில மீட்புச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர். சிரிக்காதீர்கள். மற்றவர்கள் செத்துப்போனால் நான் என்ன செய்ய முடியும்? இந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ளச் சொல்லிப் பதினேழு மனு கொடுத்தவன் நான். பதினேழுக்கும் ஒரே பதில், 'பரிசீலனையில் உள்ளது.' இப்போது திடீரென்று இது பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. வேலி போட்டு, பலகை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டப் போகிறீர்களாம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசில் காகிதம் ஒட்டினீர்கள். எனக்கு உண்டு. ஊரில் எனக்கு மட்டும்தான் உண்டு. ஊரைச் சேர்த்து எண்ணாதீர்கள், இந்த ஊருக்கு இப்போது எதிலும் ஆட்சேபணை இல்லை.

எதிர்மனு கொடுத்தவள் யார் என்று உங்களுக்கே தெரியும். ராக்காயி. என் கூடப்பிறந்த தங்கை. அவளைப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள், என்னைப் பதினொன்றுக்கு. நல்ல ஏற்பாடு. ஐம்பத்து மூன்று வருஷமாக அவளும் நானும் ஒரு மரத்து நிழலில் நின்றதில்லை. அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டு நான் போய்விடுவேன்.

அவள் மனுவைப் படித்துக் காட்டினீர்களே, அது எனக்கு அப்போதே மனப்பாடம் ஆகிவிட்டது. 'இந்தக் கட்டடம் செத்துப்போன என் வீட்டுக்காரர் பூமிநாதனுக்குச் சாட்சி. இதை இடிக்கக் கூடாது.' கீழே கைநாட்டு. இரண்டே வரி. இது மனுவா? கட்டடம் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லுமா? என் மனு நாலு பக்கம். வரலாறு, பொருளாதாரம், ஏகாதிபத்தியம், எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் எந்த மனுவை ஏற்கிறீர்களோ அதன்படிதான் இது நிற்கும், அல்லது விழும். அதனால் பூமிநாதன் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் டிரைவர் வாசற்படியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். என்ன பெயர் சொன்னீர்கள், பீர்முகமதுவா? உட்காரட்டும். இந்த வெட்டவெளியில் நிழல் உள்ள இடம் அது ஒன்றுதான். யார் வந்தாலும் அங்கேதான் சாய்வார்கள். வரும்போதே என்னிடம் கேட்டார், 'இதென்ன ஐயா, வெள்ளக்காரன் கட்டுன நெல்லுக் குதிரா?' என்று. நீங்கள் அவருக்கு விளக்கம் சொன்னீர்கள். புத்தகத்தில் இருப்பதைச் சொன்னீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு. மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையும் காலணாப் புத்தகமும்தான். ஆனால் இந்தக் கொட்டகையைப் பற்றி உங்கள் புத்தகத்தில் இல்லாதது என்னிடம் இருக்கிறது.

யுத்தத்துக்கு விமானத்தளம் போட இங்கே நிலம் எடுத்த வருஷம் நான் பிறந்தேன். அறுநூற்று நாற்பது ஏக்கர். எங்களுடையது அதில் மூன்று ஏக்கர். 'யுத்தம் முடிஞ்சதும் அவங்கவங்க நெலம் அவங்கவங்களுக்கு' என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். நிலம் வரவில்லை. ஓடுதளம் வெடித்துப் புல் முளைத்தது, நிலம் வரவில்லை. தகரம், கதவு, கம்பி எல்லாம் களவு போயின. இந்த உருண்டைக் கொட்டகை மட்டும் நின்றது. இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் நின்றது. இதற்குப் பெயர் பாரம்பரியமா?

விமானத்தின் வாலில் உட்கார்ந்து எதிரி விமானத்தைச் சுடுவதற்குப் பையன்களை இங்கே பழக்கினார்கள். உள்சுவர் பூராவும் வெள்ளையடித்திருந்தது. நீங்கள் நிற்கிற இடத்தில் தரையில் நாலு போல்ட்டு தெரிகிறதா, அங்கேதான் பொய்த் துப்பாக்கி. சினிமா மெஷின் ஒன்று சுவர்மேல் விமானத்தைப் பறக்க விடும். ஒலிபெருக்கியில் இரைச்சல். பையன் சுட்டால் குண்டுக்குப் பதிலாகச் சுவரில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். என் தகப்பனார் கூட்டிப் பெருக்க வந்து பார்த்திருக்கிறார். பறக்கிற விமானத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் புள்ளி ஓடுமாம். அங்கே சுட்டால்தான் சரி. ஆனால் துப்பாக்கியில் மாட்டிய கண்ணாடி வழியாகப் பார்க்கிற பையனுக்கு அந்த மஞ்சள் தெரியாது. சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் தெரியும். விளக்குமாற்றோடு நிற்கிற என் தகப்பனாருக்குத் தெரியும். சுடுகிறவன் ஒருவனுக்குத்தான் தெரியாது. என் தகப்பனார் சாகிறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். 'எல்லாத்துக்கும் தெரியுதுடா, துப்பாக்கியப் பிடிச்சிருக்க பயலுக்கு மட்டும் தெரியல.'

பூமிநாதன் அப்படிப்பட்ட ஆள். தன்னைப் பற்றி ஊருக்கே தெரிந்தது அவனுக்குத் தெரியாது. நான் ஒருவன் குறி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனை ராக்காயிக்குக் கட்டிவைத்ததே நான்தான். சாதி சனம் பார்த்துக் கட்டவில்லை, சங்கத்து ஆள் என்று கட்டினேன். நன்றாக மாடு பார்ப்பான். பத்து ஊரில் யார் வீட்டு மாட்டுக்குச் சுழி எங்கே இருக்கிறது என்று சொல்லுவான். பேச்சு வராது. மேடையில் ஏற்றினால், 'மச்சான் சொன்னதுதான் நானும் சொல்றேன்' என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். அப்படி ஓர் ஆள் தேவை இல்லையா ஓர் இயக்கத்துக்கு?

எழுபத்தொன்றில் அரசாங்கம் இந்த நிலத்தைக் கால்நடைப் பண்ணைக்குக் கொடுப்பதாக முடிவு செய்தது. அடிக்கல் நாட்டுவதற்கு மந்திரி வருவதாக இருந்தது, ஒரு புதன்கிழமை. நான் திட்டம் போட்டேன். புதன்கிழமை மேற்கிலிருந்து கறுப்புக்கொடி என்று வெளியே பேச்சு. உண்மையில் அதற்கு முந்திய நாள் செவ்வாய்க்கிழமை கிழக்கிலிருந்து நாற்பது ஏர் உள்ளே இறங்க வேண்டும். விடிவதற்குள் உழுது, விதைத்துவிட வேண்டும். உழுத நிலத்தில் மந்திரி எப்படி அடிக்கல் வைப்பான்? இப்படி ஒரு திட்டம் இந்த ஜில்லாவில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் போட்டது.

ரகசியம் காப்பது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகம் என்னிடம் இருந்தது. பத்து விதி. எல்லோரும் கூடி உட்காரக் கூடாது. இருவர் அருகருகே அமரக் கூடாது. முதுகுப்பக்கம் சுவர் இருக்க வேண்டும். அவரவர் வேலை அவரவருக்கு மட்டும் தெரிய வேண்டும். இந்த விதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் உலகத்தில் உண்டா? மூலையே கிடையாது, சுவரே வளைந்து கூரையாகிவிடுகிறது. பத்துப் பேரைச் சுவரைச் சுற்றிப் பன்னிரண்டடிக்கு ஒருவராக உட்காரவைத்தேன். நான் ஒவ்வொருவரிடமும் போய்க் குந்தி, சுவரோடு வாயை வைத்து, அவனுடைய வேலையை மட்டும் சொல்வேன். கேட்டுக்கொண்டவன் எழுந்து நடுவில் போய்ப் படுத்துவிட வேண்டும். இந்தப் போல்ட்டுகளுக்குப் பக்கத்தில். அங்கிருந்து அடுத்தவனுக்குச் சொல்வது கேட்காது. சோதித்துப் பார்த்துத்தான் வைத்தேன்.

கூட்டம் உச்சிவெயிலில். எல்லோரும் ராத்திரியில் கூடுவார்கள், போலீஸ் ராத்திரியில் தேடும். நான் பட்டப்பகலில் கூட்டினேன். அதுவும் எப்படி? அரசாங்கத்தையே வாசலில் காவல் வைத்துக் கூட்டினேன்!

தலையாரி சோணையா. தாசில்தாருக்கும் போலீசுக்கும் ஊர்ச் செய்தி கொண்டுபோகிற அரசாங்கத்து ஆள். தினமும் பன்னிரண்டு மணிக்குக் கஞ்சியைக் குடித்துவிட்டு வந்து இந்த வாசற்படியில்தான் படுப்பான். இப்போது உங்கள் டிரைவர் தலை வைத்திருக்கிற அதே இடம். நாங்கள் பதினொரு மணிக்கே ஒவ்வொருவராக உள்ளே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அப்போது கதவு இருந்தது. அடிப்பலகை மட்டும் கறையான் அரித்து ஒரு சாண் இடைவெளி. சோணையா வருவான், படுப்பான், குறட்டை விடுவான். குறட்டை இருக்கிறவரைக்கும் ஆபத்தில்லை. குறட்டை நின்றால் நான் கையைத் தூக்குவேன், எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அரசாங்கத்தின் குறட்டையையே மணியாக வைத்து நடத்திய கூட்டம் அம்மா! எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. பதினோராவது விதி. நான் எழுதியது.

குறட்டை எப்படிக் கேட்கும் தெரியுமா? அதோ, வாசலுக்கு நேர் எதிரே, மேற்குச் சுவர். அங்கே போய்க் குந்தினால் காதோரத்தில் கேட்கும். மூக்கில் சளி அசைவதுகூடக் கேட்கும். அவன் நாற்பதடி தள்ளி, கதவுக்கு வெளியே. அவ்வளவு அருமையான இடம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது பேருக்குச் சொல்லி முடித்து நடுவில் அனுப்பிவிட்டேன். கடைசியாகப் பூமிநாதன். அவனிடம்தான் முழு ரகசியமும். மாடுகளைச் சேர்க்கிறவன் அவன். நான் என்ன செய்தேன்? தலையாரியிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனேன். அதோ அந்த மேற்குச் சுவருக்கு. என் எச்சரிக்கையைப் பாருங்கள். குந்தி, சுவரோடு வாயை வைத்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது குறட்டை நின்றது. நான் கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பயல் புரண்டு படுத்திருப்பான். பிறகு மறுபடி குறட்டை வந்தது. முன்னைவிடப் பலமாகவே வந்தது. பூமிநாதன் என்னைப் பார்த்தான். நான் தொடர்ந்து சொல்லி முடித்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாடுகள் கிழக்கே வறண்டு கிடந்த சூரன் கண்மாய்க்குள் பதுங்கப் போயின. மாட்டுக்காரர்களுக்கு எங்கே போகிறோம் என்று கடைசி நிமிஷத்தில்தான் சொன்னது. முதல் ஜோடி கண்மாய்க் கரையைத் தாண்டும்போதே உள்ளே கருவேலங்காட்டில் போலீஸ் லாரி நிற்கிறது. மத்தியானத்திலிருந்து நிற்கிறதாம். எண்பது மாடு. பவுண்டுப் பட்டியில் அடைத்து மூன்று நாள் தண்ணீர் காட்டவில்லை. ஏழு மாடு செத்தது. ஏர்களை உடைத்து அடுப்பெரித்தார்கள். எனக்கு எட்டு மாதம். மற்றவர்களுக்கு மூன்று மாதம். கடைசி ஜோடியோடு பின்னால் வந்த பூமிநாதன் மட்டும் அகப்படவில்லை.

இப்போது நீங்கள் படித்தவர்கள், கணக்குப் போடுங்கள். ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். நான் சொல்லவில்லை. மிச்சம் யார்?

சோணையாவா? அவன் தூங்கினான் அம்மா. குறட்டை நானே கேட்டேன். அந்த வருஷமே அவனுக்கு இரண்டு ஏக்கர் புறம்போக்குக்குப் பட்டா கிடைத்தது. சில பேருக்குத் தூங்கினாலே நிலம் கிடைக்கிறது. நாங்கள் விழித்திருந்து இழந்தோம்.

ஜெயிலில் இருந்து வந்ததும் சங்கத்தைக் கூட்டினேன். விசாரணை முறைப்படி நடந்தது. பூமிநாதனுக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தேன், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பேசத் தெரியாத பயல் என்ன பேசினான் தெரியுமா? 'மச்சான், சோணையா கொறட்ட நம்ம காதுகிட்ட கேட்டுச்சுல்ல? அப்ப நம்ம பேச்சு அவங்காதுக்குப் போயிருக்காதா?' என்றான்.

சபையே சிரித்தது. நான்தான் முதலில் சிரித்தேன். குறட்டை சத்தம். ரகசியம் சத்தமா? குறட்டையும் ரகசியமும் ஒன்றா? அவன் விடவில்லை. 'ஒரு எட்டு அங்க போயிப் பாப்பம் வாங்க மச்சான். நீங்க செவுத்துகிட்ட பேசுங்க, நான் வாசல்ல படுக்கேன். கேக்கலன்னா என்னைய வெட்டிப் போடுங்க' என்றான். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் எழுந்துவிட்டார்கள், போய்ப் பார்க்கலாம் என்று. நான் சொன்னேன், 'உட்காருங்கள். புரட்சி ஒன்றும் சோதனைச் சாலை அல்ல.' உட்கார்ந்தார்கள். அந்த வாக்கியத்துக்குக் கைதட்டினார்கள். இன்றைக்கும் நல்ல வாக்கியம்தான்.

போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். எதற்கு? எனக்குச் சந்தேகம் இருந்தால் அல்லவா போய்ப் பார்க்க வேண்டும்? எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அன்றிலிருந்து இந்த வாசலை மிதிக்கவில்லை. இன்றைக்கு நீங்கள் வரச்சொல்லி வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

'துரோகியை அறிவீர்' என்று துண்டறிக்கை போட்டேன். ஐந்நூறு பிரதி. பத்து ஊரிலும் ஒட்டினேன். அதோடு அவனை யாரும் மாடு பார்க்கக் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்குச் சொல்லவில்லை, சாவுத் துட்டிக்குச் சொல்லவில்லை. டீக்கடையில் அவன் வந்தால் பேச்சு நிற்கும். அதெல்லாம் நான் சொல்லி நடக்கவில்லை. மக்கள் தாமாகச் செய்தது. மக்களின் தீர்ப்பு.

ராக்காயி அன்றைக்கே வந்தாள். நான் பசை காய்ச்சிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். 'அண்ணே, அவுகளத் தெரியாதா ஒனக்கு?' என்று கேட்டாள். 'நான் கொள்கையைத் தெரிந்தவன், ஆட்களைத் தெரிந்தவன் அல்ல' என்று சொன்னேன். அவள் பசைச்சட்டியைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அவ்வளவுதான், அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

இந்தப் பங்குனியில் அவன் செத்தான். பாடை தூக்க ஊரில் நாலு தோள் கிடைக்கவில்லை. டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்தத் துண்டறிக்கையைப் படித்தவர்களில் அநேகம் பேர் இப்போது உயிரோடு இல்லை. படிக்காத பேரன்களுக்கும் ஏன் என்று தெரியாமலே அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று தெரிகிறது. நான் எழுதியதன் வலிமையைப் பாருங்கள்.

நானும் போகவில்லை. புருஷன் செத்தால் பிறந்த வீட்டுக்காரன் கோடிச்சேலை கொண்டுபோக வேண்டும் என்பார்கள். அது மூடப்பழக்கம் என்று நான் அறுபத்தெட்டிலேயே எழுதியிருக்கிறேன். கருமாதியன்றைக்கு அவள் வேறு யார் கொண்டுவந்த சேலையையும் வாங்கவில்லையாம். பழைய சேலையோடேயே உட்கார்ந்திருந்தாளாம். அதற்கு நான் என்ன செய்ய? என் கொள்கையை அவளுக்காக மாற்ற முடியுமா?

மணி என்ன? இன்னும் கால் மணி இருக்கிறதா? போதும். எப்படிச் சொன்னேன் என்று காட்டிவிட்டுப் போகிறேன். அப்போதுதான் உங்களுக்கு விளங்கும். நீங்கள் அங்கேயே நில்லுங்கள், போல்ட்டுகளுக்குப் பக்கத்தில். நான் இங்கே மேற்குச் சுவரில். முழங்கால் மடங்க மறுக்கிறது. சரி. இப்படிக் குந்தினேன். இப்படி வாயைச் சுவரோடு வைத்தேன். பூமிநாதன் என் இடப்பக்கம். இப்போது கேளுங்கள்.

'புதன் இல்ல மாப்ள, செவ்வா. மேக்க இல்ல, கெழக்க. மாடும் ஏரும் சூரங்கம்மாய்க்குள்ள.'

கேட்டதா? இருபதடிகூட இல்லை உங்களுக்கும் எனக்கும். என்ன சொன்னேன்? கேட்கவில்லை! பார்த்தீர்களா! இப்போதாவது ஒத்துக்கொள்கிறீர்களா? இருபதடியில் நிற்கிற உங்களுக்கே கேட்கவில்லை. நாற்பதடியில் வாசலுக்கு வெளியே கிடந்தவனுக்கு எப்படிக் கேட்கும்? இதைத்தான் எழுத வேண்டும் நீங்கள். எழுதுங்கள்.

என்ன பீர்முகமது?

என்ன சொன்னாய்?

'சூரங்கம்மாய்ன்னா நாம வந்த வழியில கருவேல மரமாக் கெடந்துச்சே, அதுவா ஐயா?' என்கிறான்.

யார் சொல்லிக்கொடுத்தது இவனுக்கு? அம்மா, உங்களைத்தான் கேட்கிறேன். ராக்காயி உங்கள் ஆபீசுக்கு வந்தபோது இவன் இருந்தானா? அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாளா? இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. போலீஸ்காரன் எத்தனை சாட்சியை ஜோடித்து நான் பார்த்திருக்கிறேன். சத்தியம் பண்ணாதே பீர்முகமது, நான் சத்தியத்தை நம்புகிறவன் இல்லை. பக்கத்தில் நின்று சொன்னாற்போலக் கேட்டதா? தூங்கிக்கொண்டிருந்தாயே! கண்ணைத்தான் மூடியிருந்தாயா?

இருங்கள். இருங்கள் அம்மா, எழுதாதீர்கள். பேனாவைக் கீழே வையுங்கள். ஒரு தரம் நடந்தது நிரூபணம் ஆகாது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாத வார்த்தை என்றால் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது இல்லையா? அப்படி ஒன்று சொல்கிறேன். இதுவரைக்கும் நான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. பீர்முகமது, நீ அப்படியே தலையைச் சாய்த்துக்கொள். அம்மா, நீங்கள் வேறு பக்கம் பாருங்கள்.

சொல்லிவிட்டேன்.

எங்கே, பதில் சொல்லச் சொல்லுங்கள். என்ன சொன்னேன் பீர்முகமது? பதில் வரவில்லை. பத்து எண்ணிப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை. பார்த்தீர்களா? இதற்குத்தான் சொன்னேன், அவசரப்பட்டு எழுதாதீர்கள் என்று. முன்பு சொன்னது சதி. இப்போது நடந்தது சோதனை. கட்டடம் பேசாது அம்மா. கட்டடம் கல்லும் சுண்ணாம்பும்...

பொறுங்கள்.

பேசாதீர்கள்.

உங்களுக்குக் கேட்டதா? கேட்டிருக்காது. நடுவில் கேட்காது.

'இத அவுக இருக்கயில கேட்டிருக்கணும்ணே.'

காதோரத்தில். மூச்சு வாங்குகிறதுகூடக் கேட்கிறது. நடந்து வந்த மூச்சு.

பீர்முகமது எங்கே? எழுந்துவிட்டானா? எவ்வளவு நேரமாயிற்று எழுந்து? பன்னிரண்டு ஆகவில்லையே. முன்னாலேயே வரச் சொன்னீர்களா அவளை? இல்லையா? வயதானவர்கள் எல்லாம் முன்னாலேயேதான் வருவார்கள், நீங்கள்தான் கணக்காக வரச்சொல்லியிருக்க வேண்டும். என்ன அதிகாரி நீங்கள்!

நான் என்ன கேட்டேன் என்பது உங்களுக்கு வேண்டாம். அது ஃபைலுக்குள் வராது.

எழுதிக்கொள்ளுங்கள். மேற்குச் சுவரில் மெல்லச் சொன்னது வாசலில் கேட்கும். வாசலில் மெல்லச் சொன்னது மேற்குச் சுவரில் கேட்கும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. பூமிநாதன் என்ற பெயர் அந்த வரியில் வரக் கூடாது. என் மனு அப்படியே இருக்கட்டும். நாலு பக்கமும் அப்படியே இருக்கட்டும். சுவரில் சத்தம் போனால் ஏகாதிபத்தியம் இல்லாமல் போய்விடுமா?

சாட்சிக் கையெழுத்தா? எதற்கு? கேட்டது டிரைவருக்கு, அவனிடம் வாங்குங்கள். எனக்குக் கேட்டதற்கா? எனக்குக் கேட்டது குடும்ப விஷயம்.

கொஞ்சம் எட்டிப் பாருங்கள். நிற்கிறாளா? எந்தச் சேலை கட்டியிருக்கிறாள்? நிற்கிறாள் என்றால் பரவாயில்லை. எழுபத்தாறு வயதில் எவ்வளவு நேரம் நிற்பாள், நீங்கள் போய் விசாரித்தால் போய்விடுவாள். அவள் போனபிறகு நான் போகிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

படியில் உட்கார்ந்துவிட்டாளா? சரியாக வாசலிலா?

நான்தான் முதலிலேயே சொன்னேனே, வேறு வழி கிடையாது என்று.

அந்த நாற்காலியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்.